குறிஞ்சியை வரையப் போய்ப் பட்ட பாடு

நீலக்குறிஞ்சி அடுத்துப் பூக்கப் போகிற 2030-க்கு இப்போதே மூணாறில் அறை போட்டு வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. நான் வாட்டர்கலரில் செடிகொடி வரைகிறவள், 2018-ல் நீலக்குறிஞ்சியை வரையப் போய்த் திண்டாடியவள் என்பது தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி அது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பூவின் அழகைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைப் பார்க்கக் கிளம்பினால் காசு எங்கெங்கே போகும், மழை எப்படி விளையாடும், தாளில் பூசிய வர்ணம் ஏன் காயாமல் நிற்கும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

பூவைப் பற்றித் தேவையான அளவுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நீலக்குறிஞ்சியின் தாவரவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளில், சோலைக்காடுகளை ஒட்டி வளர்கிற குத்துச்செடி. 12 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சரிவில் இருக்கும் செடிகள் எல்லாம் சேர்ந்தாற்போல் பூக்கும், காய்க்கும், விதை போட்டதும் மடிந்துவிடும். ஏன் எல்லாம் ஒரே சமயத்தில் என்று கேட்டால், அவ்வளவு விதை ஒன்றாக விழும்போது தின்ன வருகிற உயிர்களால் தின்று தீர்க்க முடியாது, மிஞ்சியது முளைக்கும் என்பது பலரும் தருகிற விளக்கம். மூணாறு, கொடைக்கானல் பக்கத்துச் செடிகள் 1982, 1994, 2006, 2018 என்று கணக்குத் தப்பாமல் பூத்திருக்கின்றன. பழனி மலையின் பளியர்கள் இந்தப் பூப்பை வைத்தே தங்கள் வயதைக் கணக்கிட்டார்கள் என்பார்கள். இந்தத் துல்லியத்தைக் கேட்டதும்தான் நமக்கு ஒரு அசட்டுத் துணிச்சல் வந்துவிடுகிறது. ஆண்டு துல்லியம், சரி. மாதமும் வாரமும் மழையின் கையில் இருக்கின்றன. ஜூலைக் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை எப்போது வேண்டுமானாலும் உச்சம் வரலாம். சரிவுக்குச் சரிவு அதுவும் மாறும்.

நான் 2018 ஆகஸ்ட்டில் போனேன். பூ ஆரம்பித்துவிட்டது என்று பேக்கேஜ் ஆள் தொலைபேசியில் சொன்னார். தங்குமிடம், ஜீப், கூட வர ஒரு வழிகாட்டி, எல்லாம் சேர்த்து ஒரு தொகை. அதில் 14,000 ரூபாய் முன்பணமாக அவருடைய சொந்தக் கணக்குக்கே அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். சேர்த்து வைத்த விடுமுறையை மொத்தமாக எடுத்துக்கொண்டு, பருத்தித் தாள் கட்டு, வர்ணப் பெட்டி, மடக்கு முக்காலி என்று ஒரு குட்டிச் சந்தையையே தூக்கிக்கொண்டு தேனியிலிருந்து போடிமெட்டு வழியாக ஏறினேன். ஏறும்போதே மழை. மலையில் மழை பெய்யாமல் வேறெங்கே பெய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆகஸ்ட் 9 அன்று இடுக்கி அணைக்கட்டின் செருதோணி மதகை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தார்கள். 15, 16 தேதிகளில் கேரளாவே தண்ணீருக்குள் போனது. கொச்சி விமான நிலையத்தை மாதக் கடைசி வரை மூடி வைத்தார்கள். மூணாறில் முதிரப்புழை ஆறு கரை தாண்டி ஊருக்குள் வந்தது. ராஜமலைப் பக்கம் போகிற வழியில் பெரியவாரைப் பாலம் உடைந்துபோனது. மின்சாரம் போய், போன் சிக்னல் போய், ஏடிஎம்மும் செத்துப்போன பிறகு, பையில் இருக்கிற நோட்டுகளை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டியிருந்தது. தங்குமிடத்துக்காரர் மெழுகுவர்த்தி கொடுத்தார், கஞ்சி கொடுத்தார், ஆனால் அறை வாடகையில் ஒரு பைசா குறைக்கவில்லை. அங்கே சமையல் செய்த அம்மா எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். நான் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "பூ எங்கயும் போகாது கண்ணு, ரோடுதான் போயிருச்சு. மொதல்ல சாப்பிடு" என்றார். அந்த வாரத்தில் நான் கேட்ட ஒரே உருப்படியான தகவல் அதுதான்.

அப்போதைய மனநிலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருபக்கம் பயம். இரவில் எங்கோ மண் சரிகிற சத்தம் கேட்டு உடம்பு சில்லிட்டு உட்கார்ந்திருப்பேன். இன்னொரு பக்கம் கோபம். 12 ஆண்டு காத்திருந்து வந்தால் இப்படியா என்று யார்மீது என்றே தெரியாத ஆத்திரம். டிரான்சிஸ்டரில் செய்தி கேட்டபோது அந்த ஆத்திரத்தை நினைத்தே கூசியது. அந்த வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். வீடு போனவர்கள் பள்ளிக்கூடங்களில் படுத்திருந்தார்கள். நான் பூ பார்க்க முடியவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த ஏமாற்றம் பொய்யில்லை. இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

பாதை திறந்ததும் ஜீப் மாறி, சரிந்த மண்ணை நடந்தே கடந்து, அப்புறம் இன்னொரு ஜீப் ஏறி இறங்கினேன். ஜீப்காரர்கள் கேட்டதைக் கொடுத்தேன். பேரம் பேசுகிற நிலையில் யாரும் இல்லை. ஊர் வந்ததும் பேக்கேஜ் ஆளைக் கூப்பிட்டேன். அவர் நிதானமாக, "முன்பணம் திரும்பாது மேடம். அடுத்த வருஷம் வாங்க, அதே காசுல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிற பூவுக்கு அடுத்த வருஷம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முன்பணம், கூடுதலாகத் தங்கிய வாடகை, ஜீப், சம்பளமில்லா விடுப்பு என்று கூட்டினால் 30,000 ரூபாய்க்குக் கிட்டே வந்தது. ஒரு பூவைக்கூடப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் காசு விஷயத்தைப் பேசி முடித்துவிடுகிறேன். குறிஞ்சி சீசன் என்றால் வாடகை எகிறும், அது வியாபாரம், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், பாதை அடைபட்டால் என்ன செய்வார்கள், மாவட்ட நிர்வாகம் சுற்றுலாவுக்குத் தடை போட்டால் என்ன என்று மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி பதில் போதும். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பது பதில் இல்லை. தனிநபர் கணக்குக்குப் பெரிய தொகையை அனுப்பாதீர்கள். முடிந்தால் தங்குமிடத்துக்கு நேராகப் பேசி முதல் இரவுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஜீப்பையும் வழிகாட்டியையும் போய்ச் சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம், சீசனில் அங்கே ஜீப்புக்குப் பஞ்சமே கிடையாது. கையில் ரொக்கம் வேண்டும், சின்ன நோட்டாக, இரண்டு இடத்தில் பிரித்து. பவர் பேங்க், டார்ச், அன்றாடம் சாப்பிடுகிற மருந்து ஒரு வாரத்துக்கு அதிகமாக. தனியாகப் போகிற பெண்கள், தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வீட்டில் ஒருவருக்குச் செய்தி அனுப்புவதாகச் சொல்லி வையுங்கள். கூடவே, செய்தி வராவிட்டால் எத்தனை நாள் பொறுத்திருந்து யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். என் வீட்டில் அது தெரியாமல் பட்ட அவஸ்தை என் அவஸ்தையைவிடப் பெரிது.

சரி, பூவுக்கு வருகிறேன். சமையல்கார அம்மா சொன்னதுபோல் பூ எங்கும் போய்விடவில்லை. விடாத மழையில் மொட்டுகள் விரிவது தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான். செப்டம்பரில் வெயில் அடிக்க ஆரம்பித்ததும் விரிந்தது. இந்த முறை பேக்கேஜ் கிடையாது. வாரக் கடைசியை ஒட்டி ஒரு நாள் விடுப்பு, அரசுப் பேருந்து, கொடைக்கானல். அங்கே எல்லோரும் குறிஞ்சி ஆண்டவர் கோவிலுக்குப் போவார்கள். நான் ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டு, மேல்மலைப் பக்கம் சாலையோரத்திலேயே தெரிகிற ஒரு புல்வெளிச் சரிவுக்குப் போனேன்.

அதை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஒற்றைப் பூவைக் கையருகே பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. சின்ன மணி வடிவம், கதிர் மாதிரிக் கொத்து, ஓரம் ரம்பப்பல் போன்ற இலை. வீட்டு வாசலில் நின்றால் திரும்பிப் பார்க்க மாட்டோம். ஆனால் அந்தச் சரிவில் புல்லின் பச்சை காணாமல் போயிருந்தது. புதிதாக விரிந்தது வெளிர் நீலம், பழகியது ஊதாவை நோக்கிச் சாய்ந்த நீலம், அதனால் பக்கத்துப் பக்கத்துச் செடிகளே வேறு வேறு நிறம். மேகம் மேலே நகரும்போது மலை முழுக்க ஒரு சாயல் மாறும், வெயில் வந்தால் இன்னொன்று. அதோடு சத்தம். பூவுக்குச் சத்தம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. தேனீக்கள் அவ்வளவு இருந்தன, சரிவு முழுக்க ஒரே ரீங்காரம். சங்கப் பாட்டில் குறிஞ்சிப் பூவோடு தேனைச் சேர்த்துச் சொன்னவர் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை என்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஆகஸ்ட் மாதத்து அழுகையெல்லாம் அங்கே கரைந்துவிட்டது என்று எழுத ஆசைதான். 14,000 ரூபாய் ஞாபகம் அப்போதும் வந்தது.

அப்புறம் வரைய உட்கார்ந்தேன். இரண்டாவது பாடு அங்கே தொடங்கியது. வாட்டர்கலர் போடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போகலாம். மூடுபனி இருக்கிற இடத்தில் தாள் காயாது. முதல் பூச்சு காய்ந்தால்தான் இரண்டாவது பூச முடியும். அங்கே முதல் பூச்சே அரை மணிக்கு மேல் ஈரமாக நிற்கிறது. பொறுக்காமல் மேலே பூசினால் ஊறிப் பரவி, பூ பூவாக இருக்காது, மை கொட்டியதுபோல் ஆகிவிடும். போதாததற்கு, ஆகஸ்ட்டில் மழையோடு கிடந்த என் தாள் கட்டில் பசை கெட்டுப்போயிருந்தது. நல்ல வாட்டர்கலர் தாளில் வர்ணத்தை மேற்பரப்பிலேயே நிறுத்தி வைக்க ஒரு பசைப் பூச்சு உண்டு. ஈரத்தில் நாள்பட்டுக் கிடந்தால் அது அங்கங்கே செத்துவிடும். பார்வைக்குத் தாள் வெள்ளையாகவே இருக்கும், தூரிகையை வைத்ததும் புள்ளி புள்ளியாக வர்ணத்தை உறிஞ்சும். ஒரு கட்டு முழுக்க வீண். பருத்தித் தாளின் விலை தெரிந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். மலைக்குத் தாளைக் கொண்டுபோனால் காற்றுப் புகாத ஜிப் பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அன்றன்றைக்குத் தேவையான தாளை மட்டும் வெளியே எடுங்கள். ஒரு மூலையில் தண்ணீரைத் தொட்டு வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டில் வரையலாமே என்பீர்கள். எடுத்தேன். போன் கேமரா குறிஞ்சியின் ஊதாவைப் பிடித்து நீலமாக்கிவிடுகிறது. நிழலில் எடுத்தால் இன்னும் நீலம், வெயிலில் எடுத்தால் வெளிறிப்போகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான படம் இருந்தும், எது நான் பார்த்த நிறம் என்று சொல்ல முடியவில்லை. இதற்கு நான் கண்டுகொண்ட வழி இது: ஒரு சின்ன அட்டையில் உங்களுடைய வர்ணங்களையே கலந்து, பூவுக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணால் ஒப்பிட்டு, பொருந்துகிற வரை மாற்றி மாற்றிப் பூசுங்கள். எந்த வர்ணத்தோடு எது என்று பக்கத்திலேயே பென்சிலில் குறியுங்கள். பிறகு அந்த அட்டையையும் பூவையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். வீட்டில் படத்தின் நிறம் தப்பாக இருந்தாலும் அட்டை கையில் இருக்கிறது.

கலவையைப் பொறுத்தவரை, அல்ட்ராமரின் நீலத்தோடு குயினாக்ரிடோன் வகை ரோஜா சேர்த்தது எனக்குச் சரியாக வந்தது. அல்ட்ராமரின் தாளில் பொடிப்பொடியாகப் படியும், தூரத்துச் சரிவுக்கு அது அழகு. கிட்டப் பார்க்கிற இதழுக்கு அந்தப் பொடி உதவாது, பொடியாகப் படியாத நீலம் ஒன்றை மெலிதாக வையுங்கள். ஒளிரும் இளஞ்சிவப்பு வர்ணங்களைத் தொடாதீர்கள். அன்றைக்கு அப்படியே குறிஞ்சி மாதிரி இருக்கும், வெளிச்சம் படுகிற சுவரில் மாட்டினால் சிவப்பு மட்டும் போய் நீலம் மிஞ்சும். என்னுடைய பெரிய படம் ஒன்று இப்படித்தான் போனது. வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ட்யூபின் மேல் வெளிச்சத்தைத் தாங்கும் திறன் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது என்று கடைக்காரரும் சொல்லவில்லை, எனக்கு வகுப்பெடுத்தவரும் சொல்லவில்லை.

அக்டோபரில் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கும் போனேன். அங்கே சொந்த வண்டியில் சுற்ற முடியாது. பூங்காப் பேருந்தில் ராஜமலைக்கு ஏற்றிப்போய் விடுவார்கள், அங்கிருந்து போட்ட பாதையில் நடக்கலாம், பாதையை விட்டு இறங்கக் கூடாது. வரையாடுகள் நம்மைச் சட்டையே செய்யாமல் பக்கத்தில் மேயும். பூ கொள்ளை. கூட்டமும் கொள்ளை. முக்காலி போட்டு உட்கார்ந்தால் வழியை மறிக்கிறாய் என்பார்கள், சரியான பேச்சுதான். நின்றபடியே கையில் அடங்குகிற நோட்டில் பென்சிலால் கோடு மட்டும் போட்டேன். அப்போதுதான் ரங்கையா, கோவிந்து இருவரும் நினைவுக்கு வந்தார்கள். 19-ம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களைப் படத்தோடு தொகுத்தார். 1838 முதல் 1853 வரை வந்த அந்தத் தொகுப்பில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் பெரும்பகுதியை வரைந்தவர்கள் இந்த இரண்டு தெலுங்கு ஓவியர்கள். வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்துவின் பெயரையே வைத்தார். அந்தத் தொகுப்பின் படங்களுக்கு வர்ணம் கிடையாது, கோடுதான். இலை எந்தக் கோணத்தில் திரும்புகிறது, பூவைப் பிளந்தால் மகரந்தத் தாள் எங்கே ஒட்டியிருக்கிறது, எல்லாம் கோட்டிலேயே தெரியும். நிறத்துக்காக நான் அடித்துக்கொண்ட அத்தனையும் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். வர்ணம் என்னைக் கைவிட்ட அந்தப் பாதையில் அவர்கள்தான் கைகொடுத்தார்கள். அன்று போட்ட பென்சில் கோடுகள்தான் 2018-ல் நான் செய்ததிலேயே இன்றும் பார்க்கும்படி இருக்கின்றன.

அடுத்த தொல்லை செய்திகள். 2018 முடிந்த பிறகு 2020, 2021, 2022 என்று ஒவ்வொரு ஆண்டும் "நீலக்குறிஞ்சி பூத்தது" என்று படம் வரும். 12 ஆண்டு என்றார்களே, இது என்ன என்று குழம்பினேன். விஷயம் இதுதான்: ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன. சில ஆண்டுதோறும் பூக்கும், சில ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை, சில இன்னும் நீண்ட கணக்கு. செய்தியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். குந்தியானாவிலேயே மலைக்கு மலை ஆண்டு வேறுபடுவதும் உண்டு. நீலகிரியில் 2024-ல் பூத்தது அப்படித்தான். அதனால் ஒரு படத்தைப் பார்த்ததும் பையைத் தூக்காதீர்கள். எந்த மலை, எந்தத் தேதியில் எடுத்தது என்று கேளுங்கள். திறந்த புல்வெளியில் முழங்கால், இடுப்பு உயரத்துக்குச் சரிவு முழுக்க விரிந்திருந்தால் நம்பலாம். மர நிழலில் ஆளுயரத்துக்கு நின்றால் அது பெரும்பாலும் வேறொரு உறவு. உறவும் அழகுதான், ஆனால் அதற்காக இரண்டு பேருந்து மாறி ஓட வேண்டுமா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். இது இலவசம், ஆனாலும் யாரும் செய்வதில்லை.

2022 அக்டோபரில் சாந்தன்பாறை பக்கம் கள்ளிப்பாறை மலையில் பூத்தபோது போனேன். பூ உண்மை. ஆனால் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் வண்டி, மலை ஏறுகிற வழி மிதிபட்டுச் சேறு. வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. பிடித்து இறக்க ஆள் இல்லாமல் உட்கார்ந்தே தேய்த்துக்கொண்டு இறங்கினேன். சுற்றிலும் பிளாஸ்டிக் பாட்டில். செடியோடு பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்த கூட்டத்தைப் பார்த்தபோது கால் வலியைவிட அதுதான் எரிந்தது. விதை போடும் முன் பிடுங்கினால் அந்தச் செடியின் 12 ஆண்டு வாழ்வும் வீண். இப்போது நீலக்குறிஞ்சி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 3-ல் இருக்கிறது. பறித்தால், அழித்தால் அபராதம், மூன்று ஆண்டுச் சிறை வரை போகலாம். ஓவியம் வரைகிறவர்களும் "மாதிரிக்கு ஒரு கொத்து" என்று கை நீட்டாதீர்கள், சட்டம் கலைக்கு விலக்குத் தரவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் பல கோணத்தில் படம் எடுத்தாலே அளவு கிடைத்துவிடும். காப்புக்காடு என்றால் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். ஏறுகிற காலணிக்கு நல்ல பிடிமானம் இருக்கட்டும், கையில் ஒரு தடி, பையில் ஒரு கட்டுத்துணி.

யாரும் சொல்லாத இன்னொன்று. பூத்து முடிந்த மலைக்குப் போங்கள். 2018 பூப்புக்கு அடுத்த கோடையில் நான் கொடைக்கானலுக்குத் திரும்பப் போனேன். பார்க்க வந்த கூட்டம் மொத்தமாக மறந்துபோயிருந்தது. சரிவில் காய்ந்த குச்சிகள் மட்டும், பழுப்பிலேயே பத்துப் பதினைந்து வகை. காய் வெடித்து விதை சிதறிய வெற்று ஓடுகள் கொத்துக் கொத்தாக நின்றன. வெயில் நன்றாக அடித்ததால் தாள் உடனுக்குடன் காய்ந்தது, யாரும் வழியை விடச் சொல்லவில்லை, இஷ்டத்துக்கு உட்கார்ந்து வரைந்தேன். நீலத்தில் வரைந்ததைவிட இந்தப் பழுப்புப் படங்கள்தான் நன்றாக வந்தன என்பது என் எண்ணம். வாங்குகிறவர்கள் ஒப்புக்கொள்வதில்லை, அவர்களுக்கு நீலம்தான் வேண்டும். இரவிகுளம் பக்கம் இப்படிப் போக நினைப்பவர்கள், வரையாடு குட்டி போடுகிற காலத்தில், வழக்கமாக பிப்ரவரி, மார்ச் சமயத்தில், பூங்காவை மூடிவிடுவார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

2030-க்கு நான் போட்டிருக்கிற திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட விடுமுறையை ஒரே மூச்சில் எடுக்கப் போவதில்லை. செப்டம்பர் முதல் அக்டோபர் வரை இரண்டு மூன்று நாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, மழை விட்டு வெயில் தொடர்ந்து அடிக்கிறது என்று அங்கிருக்கிற ஆள் சொன்னதும் கிளம்புவேன். முதலில் கொடைக்கானல், அங்கே சரியில்லை என்றால் மூணாறு. இரண்டு பக்கமும் ஒரே ஆண்டு பூக்கிறது என்பது நமக்கிருக்கிற பெரிய வசதி. வார நாளில்தான் போவேன், பூங்காவுக்குக் காலையில் முதல் பேருந்து. முன்பதிவு ரத்து செய்யக்கூடிய அறை மட்டும். அந்தச் சமையல்கார அம்மாவின் எண்ணை 2018-லேயே வாங்கி வைத்துவிட்டேன். "பூ எப்படிம்மா இருக்கு?" என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் பேருந்து டிக்கெட்.